நாற்சந்தியில் தடம் காட்டும் சின்னங்கள்

பொதுச் சொத்துகளுள் மிகுந்த நெருக்கடிக்கு உள்ளாகும் நிலப்பரப்பு சாலைச் சந்திப்பாகும். நான்கு திசைகளிலிருந்து வரும் பேருந்துகளும், சரக்கு ஊர்திகளும், கார்களும், இருசக்கர ஊர்திகளும், மிதிவண்டிகளும், பாதசாரிகளும் ஒரே வேளையில் ஒரே சதுர இடத்திற்கு உரிமை கோருகின்றனர். அந்த இடத்தைக் காலத்தால் பங்கிட்டுத் தருவது போக்குவரத்து விளக்கு. அகலத்தால் பங்கிட்டுத் தருவது தடம். இவ்விரு பங்கீடுகளும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் சந்திப்பு இயங்கும்.

இதில் பிழை நேர்ந்தால் விளைவு பெரிது. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். உயிரிழந்தோரில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள், 19.5 சதவீதத்தினர் பாதசாரிகள். இவ்விபத்துகள் எல்லாம் சந்திப்புகளில் நேர்ந்தவை அல்ல. ஆயினும், ஊர்திகள் ஒன்றன் பாதையை மற்றொன்று வெட்டிச் செல்லும்போது முதலில் அடிபடுவோர் யார் என்பதை இவ்விகிதங்கள் தெளிவாக்குகின்றன.

"நம் மக்களுக்குச் சாலை ஒழுக்கம் இல்லை" என்ற குறை அடிக்கடி கேட்கப்படுகிறது. அது முழு உண்மையன்று. சின்னம் உரிய நேரத்தில் கண்ணில் பட்டு, மற்றச் சின்னங்களோடு முரண்படாமல், உள்ளபடியான போக்குவரத்துக்கு ஏற்ப இடத்தைப் பங்கிடும்போதுதான் அதற்குக் கீழ்ப்படியுமாறு ஓட்டுநரைக் கேட்க இயலும். அவ்வாறு அமைந்த சின்னத்தை மீறுவதற்கோ எந்தச் சாக்கும் இல்லை. தடம் காட்டும் சின்னங்களைக் கற்போரும் அவற்றை அமைப்போரும் இவ்விரு பக்கங்களையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

மோதல் எழும் இடங்கள்

இருவழிச் சாலைகள் இரண்டு ஒன்றையொன்று குறுக்கிடும் சாதாரண நாற்சந்தியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஊர்தி இடப்புறம் திரும்பலாம், நேரே செல்லலாம், வலப்புறம் திரும்பலாம். இந்தப் பன்னிரண்டு இயக்கங்களின் பாதைகளைத் தாளில் வரைந்து பார்த்தால், அவை ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் 32 எனக் காணலாம். அவற்றுள் 8 பிரியும் புள்ளிகள். 8 சேரும் புள்ளிகள். எஞ்சிய 16 வெட்டும் புள்ளிகள். கடுமையான விபத்துக்கு இடமளிப்பவை வெட்டும் புள்ளிகளே.

அந்த 16 புள்ளிகளுள் 12 வலப்புறம் திரும்பும் ஊர்திகளால் உண்டாகின்றன. இடப்புறமாக ஊர்தி செலுத்தும் நம் நாட்டில் இடத் திருப்பம் எளிது. அது எதிர்வரும் போக்கை வெட்டுவதில்லை. வலத் திருப்பமோ எதிரே வருவோரையும் குறுக்கே செல்வோரையும் வெட்டிச் செல்கிறது. ஆகவே சந்திப்புக்கு வரும் முன்பே வலப்புறம் திரும்புவோரைச் சாலையின் நடுத்திட்டை ஒட்டியும், இடப்புறம் திரும்புவோரைச் சாலையோரத்தை ஒட்டியும், நேரே செல்வோரை இடையிலும் பிரித்து நிறுத்த வேண்டியுள்ளது. தடப் பங்கீட்டின் அடிப்படை இதுவே.

இந்தப் பிரிவினை சந்திப்பின் உள்ளே நிகழக் கூடாது என்பதே இங்குக் கருத வேண்டியது. சாலையோரத் தடத்தில் நின்றிருந்த ஊர்தி பச்சை விளக்கு எரிந்ததும் வலப்புறம் திரும்ப முயன்றால், தன்னுடன் அருகருகே நின்ற இரண்டு வரிசைகளையும் அது வெட்டுகிறது. 32 புள்ளிகளில் இடம்பெறாத புதிய வெட்டும் புள்ளிகள் அப்போது தோன்றுகின்றன. விளக்கு அமைப்பு எதிர்பாராத ஆபத்து இது.

சின்னங்களின் மொழி

பல மொழிகள் வழங்கும் நாட்டில் எழுத்தறியாதவரும் வேற்று மாநிலத்தவரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள வேண்டுமாயின், சின்னம் எழுத்தை நம்பியிருக்க முடியாது. வடிவமும் நிறமும் அம்பும் பேச வேண்டும். சாலைச் சின்னங்கள் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 1968-இல் வியன்னாவில் உருவாயிற்று. இந்தியா 1980-இல் அதில் இணைந்தது. 1934-இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்னும் அமைப்பு சாலைச் சின்னங்களுக்கான நெறிமுறையை 1977-இல் வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தியுள்ளது. தரைக் குறியீடுகளுக்குத் தனி நெறிமுறை உண்டு.

சின்னங்கள் உத்தரவுச் சின்னங்கள், எச்சரிக்கைச் சின்னங்கள், தகவல் சின்னங்கள் என மூவகைப்படும். சந்திப்பில் தடத்தை ஆள்பவை பெரும்பாலும் உத்தரவுச் சின்னங்களே. வட்டத்தின் விளிம்பு சிவப்பாக இருந்து, உள்ளே ஓர் அம்பின் மீது குறுக்குக்கோடு இடப்பட்டிருந்தால் அத்திசையில் திரும்பக் கூடாது என்பது பொருள். நீல வட்டத்தில் வெள்ளை அம்பு இருந்தால் அத்திசையில் மட்டுமே செல்ல வேண்டும் என்பது பொருள். முன்னது ஒரு வழியை அடைக்கிறது. பின்னது ஒரு வழியைத் தவிர மற்றெல்லாவற்றையும் அடைக்கிறது. உரிமத் தேர்வு எழுதும் இளைஞர் பலர் தடுமாறும் இடம் இது. "நேரே அல்லது இடப்புறம்" என இரு முனைகள் கொண்ட நீல வட்ட அம்பு, வலப்புறம் திரும்புதலை வாய் திறவாமலே விலக்கிவிடுகிறது.

வட்டத்திலிருந்து வேறுபட்ட இரண்டு வடிவங்கள் வேண்டுமென்றே தனித்து வைக்கப்பட்டுள்ளன. எண்கோணம் 'நில்' என்பதற்கு உரியது; தலைகீழ் முக்கோணம் 'வழிவிடு' என்பதற்கு உரியது. தூசி படிந்து எழுத்து மறைந்தாலும், பின்புறமிருந்து நோக்கினாலும், வடிவத்தைக் கொண்டே இவ்விரண்டையும் அறியலாம்.

ஒவ்வொரு தடத்திற்கும் உரிய திசையைக் காட்டும் பலகை, சாலைக்கு மேலே குறுக்குச் சட்டத்தில் பொருத்தப்படுவது சிறந்தது. அவரவர் தடத்தின் தலைக்கு மேல் அவரவர் அம்பு நிற்கும். எது யாருக்கு என்ற ஐயம் எழாது. ஓரத்துக் கம்பத்தில் உள்ள பலகையை உயரமான பேருந்தோ சரக்கு ஊர்தியோ எளிதில் மறைத்துவிடும்.

தரையில் எழுதப்படும் ஆணை

பலகையைப் போன்றே தரைக் குறியீடும் ஒரு சின்னமாகும். தடங்களைப் பிரிக்கும் வெள்ளைக் கோடு சாலையின் நீளத்தில் விட்டுவிட்டு வரையப்பட்டிருக்கும். சந்திப்பை நெருங்கும்போது அது தொடர்கோடாக மாறும். விட்டுவிட்டு வரும் பகுதி தடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு உரியது. தொடர்கோடு தொடங்கியபின் தேர்வு முடிந்தது எனக் கொள்ள வேண்டும். தரையில் வரையும் அம்பு நீட்டி வரையப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. இருக்கையில் அமர்ந்து தாழ்ந்த கோணத்தில் தொலைவிலிருந்து நோக்குபவருக்கு, நீட்டி வரைந்த அம்பே இயல்பான அளவில் தோன்றும்.

தொடர்கோட்டைத் தாண்டிய பின் தாம் தவறான தடத்தில் நிற்பதை உணரும் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? அத்தடம் காட்டும் திசையிலேயே சென்று, அடுத்த வாய்ப்பில் திரும்பி வருவதே முறை. சில நிமிடங்கள் இழப்பாகலாம். ஆயினும் பிறர் பாதையை வெட்டுவதால் நேரக்கூடிய இழப்போடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. இதில் அதிகாரிகளுக்கும் ஒரு பாடம் உண்டு. அடுத்த திருப்பம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்குமானால், இந்த முறையைப் பின்பற்றுவோர் அரியராவர்.

தடக்கோடுகளின் முடிவில் நிறுத்தக்கோடும், அதற்கு அப்பால் பாதசாரிகள் கடக்கும் வரிகளும் அமைகின்றன. நிறுத்தக்கோட்டைத் தாண்டி நிற்கும் ஊர்தி பாதசாரியை நகரும் போக்குவரத்துக்குள் தள்ளிவிடுகிறது. சில சந்திப்புகளின் நடுவே மஞ்சள் நிறக் குறுக்குக் கோடுகளால் நிரப்பிய கட்டம் காணப்படும். அப்பால் செல்ல இடமிருந்தாலன்றி, பச்சை எரிந்தாலும் அதற்குள் நுழையக் கூடாது என்பது அதன் பொருள்.

சிவப்பு எரியும்போதும் இடப்புறம் திரும்புவது எங்கும் உரிமை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பலகையோ அம்பு விளக்கோ அனுமதிக்கும் இடத்தில் மட்டுமே அது செல்லும். அங்கும் கடந்துகொண்டிருக்கும் பாதசாரிக்கே முதலிடம். தடையின்றி ஓடும் இடத் திருப்பத்தால் ஊர்திகளுக்கு நேரம் மிச்சமாகிறது. ஆனால் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சாலையைக் கடக்கப் பாதுகாப்பான நொடியே இல்லாமற் போகலாம். ஆகவே அந்த அனுமதி ஒவ்வோர் இடத்திலும் ஆராய்ந்து தரப்பட வேண்டியதாகும்.

எவ்வளவு முன்னதாக?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. ஒரு சின்னத்தைக் கண்டு, உணர்ந்து, செயற்படத் தொடங்குவதற்குப் பொறியாளர்கள் 2.5 நொடி எனக் கணக்கிடுகின்றனர். அதற்குள் 35 மீட்டர் கடந்துவிடும். சைகை காட்டி, இடம் பார்த்து ஒரு தடம் மாறுவதற்கு 5 நொடி எனக் கொண்டால் மேலும் 70 மீட்டர். இரண்டு தடம் மாற வேண்டுமாயின் 140 மீட்டர். ஆக, நிறுத்தக்கோட்டில் நிற்கும் கடைசி ஊர்தியிலிருந்து 175 மீட்டருக்கு முன்னரே அறிவிப்பு கிடைத்தாக வேண்டும்.

காத்திருக்கும் வரிசையே 60 மீட்டர் நீண்டிருந்தால், பலகை சந்திப்பிலிருந்து 235 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். பல நகரங்களில் தரை அம்பு நிறுத்தக்கோட்டுக்கு மிக அருகில் மட்டும் வரையப்படுகிறது. நெரிசல் நேரத்தில் நிற்கும் ஊர்திகளே அதன்மேல் நின்று அதை மூடிவிடுகின்றன. சின்னம் மிகவும் தேவைப்படும் வேளையில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே தரை அம்புக்குத் துணையாக மேற்பலகையும், வரிசையின் வால்பகுதிக்கு அப்பால் இன்னோர் அம்பும் வேண்டும்.

ஒரு கணக்கு

சந்திப்பின் கொள்ளளவைக் கணக்கிட இந்தியாவில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் எளிய வாய்பாடு ஒன்று உண்டு. அணுகுசாலையின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525-ஆல் பெருக்கினால், பச்சை விளக்கு இடைவிடாது எரியும் ஒரு மணி நேரத்தில் கடக்கக்கூடிய ஊர்திகளின் எண்ணிக்கை கார் அளவில் கிடைக்கும். 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்திற்கு இது ஏறத்தாழ 1,840. விளக்குச் சுழற்சி 120 நொடி என்றும், அதில் பச்சை 30 நொடி என்றும் கொண்டால், ஒரு தடத்தில் ஒரு சுழற்சிக்குச் சுமார் 15 கார்கள் கடக்கலாம்.

இனி, மூன்று தடங்கள் கொண்ட ஓர் அணுகுசாலையைக் கற்பனை செய்வோம். நேர்த்தடத்தின் முதல் வரிசையில், வலப்புறம் திரும்ப விரும்பும் ஒருவர் தம் அம்பு விளக்குக்காக நிற்கிறார். நேர் செல்வோருக்குப் பச்சை எரிந்தும் பின்னுள்ள 15 கார்களும் நகர முடியவில்லை. அவ்வரிசையில் 50 பயணிகளுடன் ஒரு பேருந்து இருப்பின், அடுத்த பச்சை வரை இரண்டு நிமிடம் வீதம் பேருந்தில் மட்டும் 100 மனித நிமிடங்கள் வீணாகின்றன. தடம் மீறியவர் தம்மளவில் சிறிது நேரத்தை ஈட்டியிருப்பார். செலவு பிறர் தலையில் விழுகிறது. ஒருவர் செயலின் செலவைப் பிறர் ஏற்கும் நிலையில் விலை முறை உதவாது; விதி வேண்டும் என்று பொருளியல் கூறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இதே சாலையில் மறுபக்கத்தையும் காண்போம். ஒரு சுழற்சிக்கு இடப்புறம் 8, நேரே 20, வலப்புறம் 6 கார்கள் வருகின்றன. மூன்று தடங்களுக்கும் 30 நொடிப் பச்சை கிடைக்கிறது. மொத்த வரவு 34. மொத்தக் கொள்ளளவு 45. இடம் போதுமானது போலத் தோன்றும். ஆனால் மூன்று திசைகளுக்கும் தனித்தனியே ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருந்தால், நேர்த்தடத்தில் 15 மட்டுமே கடக்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் 5 கார்கள் தேங்கும். ஒரு மணி நேரத்தின் 30 சுழற்சிகளில் தேக்கம் 150 ஆகிவிடும். பக்கத்திலோ இடத் தடமும் வலத் தடமும் பாதி வெறுமையாக இருக்கும். பொறுமை இழந்த ஓட்டுநர்கள் அவற்றுள் புகுவர். அதைக் கண்டு ஒழுக்கக் கேடு என்று பதிவு செய்வது எளிது.

தீர்வு ஒரு வாளி வண்ணத்தில் அடங்கியுள்ளது. இடத் தடத்தின் அம்பை "இடப்புறம் அல்லது நேரே" என இருமுனை அம்பாக மாற்றினால், 28 கார்களுக்கு 30 இடங்கள் கிடைக்கின்றன, தேக்கம் எழாது. ஆனால் அத்தடத்தில் நேர் செல்பவர் சிவப்பில் நிற்கும்போது, பின்னுள்ளவர் இடப்புறம் திரும்ப வழி கேட்டு ஒலியெழுப்ப உரிமையில்லை. முன்னிற்பவர் தமக்குரிய இடத்திலேயே நிற்கிறார். எந்தப் பங்கீட்டிலும் ஒருவருக்குச் சலுகையும் மற்றவருக்குக் காத்திருப்பும் உண்டு. எவ்வளவு பேர், எத்திசையில் என்று எண்ணிப் பார்க்காமல் அந்த முடிவை எடுக்கலாகாது.

வாய்பாட்டிலேயே ஓர் உண்மை பொதிந்துள்ளது. அது தடங்களை எண்ணவில்லை; அகலத்தை அளக்கிறது. நம் சாலைகளில் இருசக்கர ஊர்திகள் இடைவெளிகளில் நுழைந்து அகலம் முழுவதையும் நிரப்புகின்றன. அவை தடத்துக்கு ஒன்றாக வரிசையில் நிற்கும் என எதிர்பார்ப்பது பயன் தராது. ஆனால் அருகருகே நின்றாலும், வலப்புறம் திரும்புவோர் வலத் தடத்தின் எல்லைக்குள்ளும் நேர் செல்வோர் நேர்த்தடத்தின் எல்லைக்குள்ளும் நின்றால் வெட்டுதல் தவிர்க்கப்படும். தடச் சின்னம் இங்குக் கோருவது திசையின் ஒழுங்கையேயாகும்.

தில்லி தரும் அனுபவம்

தடப் பங்கீடும் விளக்கமைப்பும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்தவை என்பதை, பேருந்துகளுக்குத் தனித் தடம் ஒதுக்கிய முயற்சிகள் உணர்த்துகின்றன. 2008-இல் தில்லியில் அம்பேத்கர் நகருக்கும் மூல்சந்துக்கும் இடையே 5.8 கிலோமீட்டர் நீளத்தில் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. பேருந்துகள் சாலையின் நடுவிலும், கார்களும் பிறவும் அவற்றுக்கு இடப்புறத்திலும், மிதிவண்டிகளும் பாதசாரிகளும் ஓரத்திலும் செல்லுமாறு அது அமைந்தது.

நடுவில் பேருந்து செல்வதால், சாலையோரத்தில் நிற்கும் ஊர்திகளும் திடீரெனத் திரும்பும் ஊர்திகளும் அதைத் தடுப்பதில்லை. ஆனால் சந்திப்பில் நிலை மாறுகிறது. வலப்புறம் திரும்பும் கார், தனக்கு வலப்புறத்தில் உள்ள பேருந்துத் தடத்தை வெட்டியே தீர வேண்டும். ஆகவே காரின் வலத் திருப்பத்திற்கும் பேருந்தின் நேர்ப் போக்கிற்கும் ஒரே வேளையில் பச்சை தர இயலாது. விளக்குக் கட்டங்கள் கூடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பச்சை குறைகிறது அல்லது சுழற்சி நீள்கிறது. காத்திருக்கும் கார் ஓட்டுநரின் கண்ணுக்கு அருகிலுள்ள தடம் வெறுமையாகத் தெரிகிறது. அத்தடத்தில் செல்லும் ஒரு பேருந்து பல கார்களின் பயணிகளைச் சுமந்து செல்வது அவர் கண்ணில் படுவதில்லை.

இந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தொடுத்த வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் 2012-இல் தள்ளுபடி செய்தது. எனினும் கருத்து வேறுபாடு தணியவில்லை. 2016-இல் அத்தடம் அகற்றப்பட்டது. அதற்கு முன், 2009-இல் அகமதாபாதில் தொடங்கிய 'ஜன்மார்க்' சேவையும் சாலை நடுவில் தடம் கொண்டதே, அது நிலைபெற்றது. ஆகவே நடுத்தடம் தன்னளவில் தோல்வி என்றோ வெற்றி என்றோ கூறுவதற்கில்லை. தில்லியில் 2022 ஏப்ரல் முதல் பேருந்துகளும் சரக்கு ஊர்திகளும் இடப்புறத் தடத்திலேயே செல்ல வேண்டும் என்ற ஒழுங்கு முனைந்து நடைமுறைப்படுத்தப்பட்டது. ஓரத் தடத்திற்கு உரிய இடர் வேறு: இடப்புறம் திரும்புவோரும் ஓரத்தில் நிறுத்தப்படும் ஊர்திகளும் அதற்குத் தடையாவர். எத்தடத்தை யாருக்குத் தந்தாலும், சந்திப்பில் யாரை யார் வெட்டுவர் என்ற வினாவுக்கு முதலில் விடை காண வேண்டும். பலகை அதன் பின்னரே வர வேண்டும்.

சட்டத்தின் நிலை

1939-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், சாலைச் சின்னங்களைத் தன் முதல் அட்டவணையில் தருகிறது. சின்னங்களை நிறுவும் அதிகாரம் மாநில அரசுக்கும் அது அதிகாரமளிக்கும் அமைப்புக்கும் 116-ஆம் பிரிவின்படி உரியது. உத்தரவுச் சின்னத்துக்கும், மின்விளக்குக்கும், பணியிலுள்ள காவலரின் ஆணைக்கும் கீழ்ப்படிவது ஓட்டுநரின் கடமை என 119-ஆம் பிரிவு கூறுகிறது. 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளின் இடத்தில் 2017-ஆம் ஆண்டு ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்துள்ளன. இவற்றை மீறுவோருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 177-ஏ பிரிவு 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது.

அதே திருத்தம் 198-ஏ என்னும் பிரிவையும் சேர்த்தது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றுக்கான தரங்களைப் பின்பற்றத் தவறி, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்போ ஒப்பந்தக்காரரோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் செலுத்த நேரிடும். கீழ்ப்படிதலை ஓட்டுநரிடம் கேட்கும் சட்டம், தகுதியான சாலையை அமைப்பாளரிடம் கேட்கிறது. கடமை இரு தரப்பிலும் உள்ளது.

செய்யத்தக்கவை

ஒரு சந்திப்பில் தடமீறல் மிகுதியாக இருக்குமானால், அபராதச் சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் அங்குள்ள அதிகாரி சிலவற்றை ஆராய வேண்டும். காலையிலும் மாலையிலும் எத்திசையில் எத்தனை ஊர்திகள் செல்கின்றன என்பது எண்ணப்பட்டதா? பலகை, தரை அம்பு, அம்பு விளக்கு ஆகிய மூன்றும் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா? வண்ணம் பூசுவது ஒரு துறையாகவும், பலகை வைப்பது மற்றொன்றாகவும், விளக்கை இயக்குவது இன்னொன்றாகவும் இருக்கும்போது இம்மூன்றும் முரண்படுவது இயல்பு. மரக்கிளையோ விளம்பரத் தட்டியோ பலகையை மறைக்கிறதா? இரவிலும் மழையிலும் அது தெரிகிறதா? சாலையைத் தோண்டி மூடியபின் அம்பு மீண்டும் வரையப்பட்டதா? தடம் தவறியவர் திரும்பி வர அருகில் வழி உண்டா?

இவ்வினாக்களுக்கு நேரில் நின்று விடை காண ஒரு நாள் போதும். குறைகளைக் களைந்தபின், மீறுவோர் மீது தயக்கமின்றி நடவடிக்கை எடுக்கலாம். மக்களும் அதை நேர்மை என்று ஏற்பர். உரிமத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், அம்பின் வடிவத்தை மனப்பாடம் செய்வதோடு, அந்த அம்பு யாருக்கு இடம் விடச் சொல்கிறது என்பதையும் அறிந்துகொண்டால், அவர் நிறுத்தக்கோட்டில் நிற்கும் முறையே வேறாக இருக்கும். அக்கோட்டுக்கு அப்பால், பச்சை மாறுவதற்குள் சாலையைக் கடந்துவிட வேண்டும் என்று விரைபவர் யாரோ ஒருவர் இருக்கிறார். தடம் காட்டும் சின்னங்களின் பயனை அவருடைய பாதுகாப்பைக் கொண்டே அளத்தல் வேண்டும்.